பெற்றோர் அமெரிக்கா வரும்போது எந்தக் காப்பீடு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62 வயது. விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கப் போகிறார்கள். டிரிப் இன்சூரன்ஸ் என்று சிலர் சொல்கிறார்கள், விசிட்டர் மெடிக்கல் என்று சிலர் சொல்கிறார்கள். எதை எடுப்பது? இரண்டுமே வேண்டுமா?
– வாசகி, டாலஸ்

பதில்: விசிட்டர் மெடிக்கலை, அதாவது இங்கே தங்கும்போது வரும் மருத்துவச் செலவுக்கான காப்பீட்டை, முதலில் எடுங்கள். கையில் பணம் மிஞ்சி, தேவையும் இருந்தால் மட்டும் டிரிப் இன்சூரன்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

டிரிப் இன்சூரன்ஸ் பயணத்துக்காக முன்கூட்டியே கட்டிய பணத்தைக் காப்பது. பயணம் ரத்தானாலோ, பாதியில் திரும்ப நேர்ந்தாலோ, பெட்டி தொலைந்தாலோ, விமானம் தாமதமானாலோ பணம் தரும். மொத்தப் பயணச் செலவையும் பயணியின் வயதையும் வைத்து பிரீமியம் கணக்கிடுவார்கள். மருத்துவச் செலவுக்கும் ஒரு தொகை அதில் இருக்கும். ஆனால் அது ஒன்றிரண்டு வாரச் சுற்றுலாவை மனத்தில் வைத்து நிர்ணயித்த தொகை. ஆறு மாதம் மகள் வீட்டில் தங்கும் பெற்றோருக்கு அது போதாது.

டிக்கெட் பணம் முழுவதுமே போனாலும் நஷ்டம் எவ்வளவு என்பது உங்களுக்கு இன்றே தெரியும். மருத்துவமனை பில்லுக்கு அப்படி ஒரு மேல்வரம்பு கிடையாது. மாரடைப்பு என்று சேர்த்தால் சில நாட்களிலேயே பில் ஐந்திலக்க டாலரைத் தாண்டி ஆறிலக்கத்துக்குப் போய்விடும். உங்கள் அலுவலகக் காப்பீட்டில் மனைவி, கணவர், பிள்ளைகளைச் சேர்ப்பதுபோல் பெற்றோரைச் சேர்க்க அநேகமாக எந்த நிறுவனமும் விடுவதில்லை. விசிட்டராக வருபவருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் கிடையாது. ஆகவே விசிட்டர் மெடிக்கல் இல்லாவிட்டால் முழு பில்லும் குடும்பத்தின் தலையில்தான்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் டிரிப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. பணம் கட்டுபவர் நீங்கள் என்றாலும், பயணி எங்கே வசிக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் அப்பா அம்மாவின் முகவரியாக உங்கள் டாலஸ் முகவரியைப் போட்டு வாங்கினால், கிளெய்ம் நேரத்தில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்ததுமே நிராகரித்துவிடுவார்கள்.

டிரிப் இன்சூரன்ஸ் தரும் சில பாதுகாப்புகள் சட்டப்படி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தாலோ, சர்வதேசப் பயணத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மாற்றினாலோ, பயணி அதை ஏற்காத பட்சத்தில் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். பெட்டி தொலைந்தால், சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு) வரை, அதாவது ஏறக்குறைய 2,000 டாலர் வரை, விமான நிறுவனம் பொறுப்பு. பெட்டி சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தாமதமாக வந்து சேர்ந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எண் வாங்கிவிடுங்கள்.

பெற்றோரோடு அலாஸ்கா கப்பல் பயணம், ஹவாய் பேக்கேஜ் என்று திரும்பக் கிடைக்காத பெரிய தொகையைக் கட்டியிருந்தால், அந்தப் பயணத்துக்கு மட்டும் தனியாக டிரிப் இன்சூரன்ஸ் பார்க்கலாம். இந்தியாவில் வசிப்பவர்களை ஏற்கும் திட்டமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு விசிட்டர் மெடிக்கல் திட்டங்களைப் பார்த்தேன். இரண்டிலும் 1,00,000 டாலர் கவரேஜ் என்றே போட்டிருக்கிறது. ஒன்றின் பிரீமியம் மற்றதில் பாதிகூட இல்லை. மலிவானதை எடுத்தால் என்ன?
– வாசகர், சான் ஹோசே

பதில்: மலிவானது அநேகமாக ஃபிக்ஸட் பெனிஃபிட் திட்டமாக இருக்கும். விலை கூடியது காம்ப்ரிஹென்சிவ். இரண்டிலும் எழுதியிருக்கும் 1,00,000 ஒரே எண்தான் என்றாலும், அதை அடையும் வழி வேறு.

ஃபிக்ஸட் திட்டத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு உச்சத்தொகை அட்டவணையாகப் போட்டிருக்கும். டாக்டரைப் பார்க்க இவ்வளவு, எக்ஸ்ரேக்கு இவ்வளவு, அறைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. அசல் பில் அதைவிட எத்தனை மடங்கு கூடினாலும் அட்டவணையில் உள்ளதற்கு மேல் ஒரு டாலர்கூட வராது. காம்ப்ரிஹென்சிவில் முதலில் டிடக்டிபிள் என்ற நிர்ணயித்த தொகையை நீங்கள் கட்டுவீர்கள். அடுத்து வரும் செலவில், வழக்கமாக முதல் 5,000 டாலர் வரை, 80 சதவீதத்தை நிறுவனமும் 20 சதவீதத்தை நீங்களும் ஏற்பீர்கள். அதற்கு மேல் பாலிசி உச்சம் வரை நிறுவனமே தரும்.

கணக்காகப் பார்த்தால் புரியும். குடல்வால் அறுவைச் சிகிச்சை, மூன்று இரவு மருத்துவமனை, பில் 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காம்ப்ரிஹென்சிவில் டிடக்டிபிள் 250. அதன் மேல் 5,000 டாலருக்கு 20 சதவீதம் என்பது 1,000. பில்லில் உள்ளவை எல்லாம் பாலிசிக்கு உட்பட்டவை என்றால் உங்கள் கையிலிருந்து போவது 1,250. ஃபிக்ஸட் திட்டத்தின் அட்டவணை எமர்ஜென்சி அறைக்கு 300, அறை வாடகை மூன்று நாளுக்கு 1,500 வீதம் 4,500, அறுவைச் சிகிச்சைக்கு 3,500, மயக்க மருந்து நிபுணருக்கு 900, ஸ்கேனுக்கு 500 என்று இருந்தால் கூட்டினால் வருவது 9,700. மீதி 50,300 உங்களுடையது. 1,00,000 என்ற அந்த உச்சத்தை எட்டவே முடியாது.

ஆறு மாதத்துக்கு இரண்டு பேருக்கும் காம்ப்ரிஹென்சிவ் எடுப்பது பாரமாகத் தெரிந்தால், உச்சத்தொகையைக் குறைக்காதீர்கள், டிடக்டிபிளை ஏற்றுங்கள். 250-க்குப் பதில் 1,000 என்று எடுத்தால் பிரீமியம் நன்றாக இறங்கும். ஆயிரம் டாலரைக் குடும்பம் எப்படியாவது சமாளித்துவிடும், ஐம்பதாயிரத்தைச் சமாளிப்பது கடினம். டிடக்டிபிள் பாலிசிக் காலம் முழுவதற்கும் ஒரு முறையா, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு முறையா என்பதையும் கேளுங்கள். ஃபிக்ஸட் திட்டங்களில் பல ஒவ்வொரு நோய்க்கும் புதிதாகப் பிடிப்பவை.

வயதும் குறுக்கே வரும். 70 தாண்டினால் உச்சத்தொகை குறையும். 80 தாண்டியவர்களுக்குச் சில திட்டங்களில் 10,000 அல்லது 20,000 டாலருக்கு மேல் கிடைக்காது. பயண நாளில் அப்பாவுக்கு 69 வயது முடிந்து, தங்கியிருக்கும்போது 70 ஆகிறது என்றால், எந்த நாளின் வயதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். 'அக்யூட் ஆன்செட் கவர் ஆகும், கவலை வேண்டாம்' என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அந்த வாக்கியம் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு மனம் உடைபவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

விசிட்டர் திட்டங்கள் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராது. ஏற்கெனவே இருப்பது என்றால் டாக்டர் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தது மட்டும் கிடையாது. பாலிசி தொடங்கும் முன் குறிப்பிட்ட காலத்துக்குள் அறிகுறி இருந்திருந்தாலோ, மருந்து சாப்பிட்டிருந்தாலோ, ஆலோசனை பெற்றிருந்தாலோ அதுவும் சேரும். அந்தக் காலம் திட்டத்துக்குத் திட்டம் மாறும்: 12 மாதம், 36 மாதம், சிலவற்றில் பிறந்ததிலிருந்து.

இந்த விலக்குக்குள் ஒரு சிறிய கதவுதான் அக்யூட் ஆன்செட். பழைய நோய் திடீரென்று, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வெடித்தால், அந்த அவசரச் சிகிச்சைக்கு மட்டும் தருகிறோம் என்பது அதன் பொருள். இதில் நிபந்தனைகள் பல. பல திட்டங்கள் அறிகுறி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலானவற்றில் 70 அல்லது 80 வயதோடு இந்தச் சலுகை நின்றுவிடும். இதயம், பக்கவாதம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய வரம்பு, உதாரணமாக 25,000 டாலர், வைத்திருக்கும் திட்டங்கள் உண்டு. முகப்பில் 1,00,000 என்று இருந்தாலும் உங்கள் அப்பாவுக்குப் பொருந்துவது அந்தச் சிறிய எண்தான். நிலைமை கட்டுக்குள் வந்ததும் 'அக்யூட்' முடிந்தது என்று கணக்கு வைத்து, தொடர் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் தரமாட்டார்கள். மெதுவாக மோசமாகிக்கொண்டே வரும் நோய் இதில் சேரவே சேராது. சுகர் மாத்திரை தீர்ந்துபோனால் வாங்குவது, வழக்கமான ரத்தப் பரிசோதனை, செக்-அப் எதுவும் கிடையாது.

ஊரில் இருக்கும்போதே செய்யவேண்டியது: கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு இதய டாக்டரிடமும் சுகர் டாக்டரிடமும் காட்டி, மருந்து அளவு மாற்ற வேண்டியிருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பாலிசி தொடங்குவதற்குச் சற்று முன் மருந்தோ அளவோ மாறியிருந்தால் அந்த நோய் நிலையாக இல்லை என்று சொல்லி மறுக்கும் திட்டங்கள் உண்டு. அதைவிட ஆபத்தானது தள்ளிப்போட்ட பரிசோதனை. 'ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாம்' என்று டாக்டர் எழுதியிருந்து, 'அமெரிக்கா போய்வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பினால், அந்தச் சீட்டே முன்னறிகுறிக்கு ஆதாரம் ஆகிவிடும். பெரிய கிளெய்ம் என்றால் இந்திய டாக்டர்களின் பழைய பதிவுகளையும் கேட்டு வாங்கிப் படிப்பார்கள்.

ஏஜென்ட் வாயால் சொன்னதைக் கிளெய்மில் காட்ட முடியாது. பாலிசி வாசகத்தில் அக்யூட் ஆன்செட் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வயது வரம்பு, இதயத்துக்கான உச்சத்தொகை, எத்தனை மணி நேரம், பழைய நோய் என்று பார்க்கும் காலம். இந்த நான்கும் உங்கள் அப்பாவுக்குச் சரியாக வரும் திட்டத்தை எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.

கேள்வி: இந்தியாவிலேயே ஓவர்சீஸ் டிராவல் பாலிசி வாங்கினால் விலை குறைவு. பெட்டி, பாஸ்போர்ட் தொலைந்தால்கூட கவர் ஆகிறது. அது போதாதா?
– வாசகி, அட்லாண்டா

பதில்: பயணமும் மருத்துவமும் ஒரே பாலிசியில் அடங்குவது அதன் நல்ல அம்சம். ரூபாயில் கட்டலாம், ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே நிறுவனத்தைப் பிடித்துக் கேட்கலாம். பழைய நோயால் உயிருக்கே ஆபத்து வந்தால் ஒரு வரம்புக்குள் தரும் திட்டங்களும் அங்கே உண்டு.

பார்க்க வேண்டியது சப்-லிமிட். மொத்தம் 1,00,000 டாலர் என்று இருந்தாலும், 60 வயது தாண்டியவர்களுக்கு அறை, ஐசியு, அறுவைச் சிகிச்சை, டாக்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சம் போட்ட பாலிசிகள் பல. அப்படி இருந்தால் முன்பு சொன்ன ஃபிக்ஸட் கணக்குதான் இங்கும். சப்-லிமிட் இல்லாத வகையையும் சில நிறுவனங்கள் விற்கின்றன. அதைக் கேட்டு வாங்கி, அந்த விலையை அமெரிக்க காம்ப்ரிஹென்சிவ் விலையோடு ஒப்பிடுங்கள். இந்தியப் பாலிசியைப் பொதுவாக விமானம் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். பாலிசிக் காலம் முடிந்து தங்குவது நீண்டால் எப்படி நீட்டிப்பது, அமெரிக்காவில் கிளெய்மைக் கையாளும் நிறுவனம் எது, அது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: பாலிசி வாங்கிவிட்டோம். உண்மையிலேயே உடம்புக்கு முடியாமல் போனால் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சிகாகோ

பதில்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழப்பு என்றால் 911. காப்பீட்டைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம். 1986-ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி, பணமோ காப்பீடோ இருக்கிறதா என்று பாராமல் எமர்ஜென்சி அறையில் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆகவேண்டும்.

காய்ச்சல், இருமல், சிறுநீர்த் தொற்று, சுளுக்கு போன்றவற்றுக்கு அர்ஜென்ட் கேர் எனப்படும், சிறு அவசரங்களைப் பார்க்கும் கிளினிக் போதும். எமர்ஜென்சி அறைக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் கூடுதல் டிடக்டிபிள் பிடிக்கும் திட்டங்கள் பல. பாலிசி வந்த அன்றே வீட்டுக்கு அருகில் நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில்) உள்ள அர்ஜென்ட் கேர் ஒன்றையும் மருத்துவமனை ஒன்றையும் தேடி, பெயரை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். பகலில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

அட்மிஷன் என்றால் பிரி-சர்ட்டிஃபிகேஷன், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்வது, அவசியம். கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அவசரமாகச் சேர்த்திருந்தால் வழக்கமாக 48 மணி நேரம் அவகாசம் இருக்கும். மருத்துவமனையே சொல்லிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். சொல்லத் தவறினால் தரவேண்டிய தொகையில் பாதியை வெட்டும் பாலிசிகள் இருக்கின்றன. பேசியவர் பெயர், நேரம், குறிப்பு எண் மூன்றையும் எழுதிவையுங்கள்.

டாக்டரிடம் நோய் வரலாறு சொல்லும் இடத்தில் கவனம் வேண்டும். நம் பெற்றோர் 'இந்த வலி ரொம்ப நாளா இருக்கு' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எப்போதோ வந்துபோன வாயுப் பிடிப்பையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். அது அப்படியே பதிவாகும், காப்பீட்டு நிறுவனமும் அதைப் படிக்கும். எதையும் மறைக்கக் கூடாது. சிகிச்சை அதை நம்பித்தான் நடக்கிறது. இன்றைய வலி எந்த நேரத்தில் தொடங்கியது, முன்பு வந்தது இதே வலியா வேறா என்று துல்லியமாகச் சொல்ல உதவுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். போனிலோ வீடியோவிலோ தமிழில் கிடைக்கும், தயங்காமல் கேளுங்கள்.

பிறகு பில்கள் தனித்தனியாக வரும்: மருத்துவமனை, எமர்ஜென்சி டாக்டர், ரேடியாலஜி, லேப், ஆம்புலன்ஸ். ஒன்று தீர்ந்துவிட்டது என்று மற்றதை விட்டால் அது கலெக்ஷனுக்கு (கடன் வசூல் நிறுவனத்துக்கு) போய்விடும். பணம் கட்டியாகிவிட்டது என்ற ரசீது மட்டும் கிளெய்முக்குப் போதாது. மருத்துவமனையிடம் யுபி-04, டாக்டரிடம் சிஎம்எஸ்-1500 படிவம் கேளுங்கள். நோய்க் குறியீடும் சேவைக் குறியீடும் அவற்றில் இருக்கும். கூடவே கிளெய்ம் படிவம், பாஸ்போர்ட், விசாப் பக்கம், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததையும் தங்கும் கெடுவையும் காட்டும் பதிவு) நகல், மருத்துவக் குறிப்புகள். கெடு வழக்கமாக 60 அல்லது 90 நாள். பெற்றோர் ஊர் திரும்பும் முன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவையுங்கள், அது இல்லாமல் பல கிளெய்ம்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

கேள்வி: மாமியாரின் கிளெய்மை 'பழைய நோய்' என்று நிராகரித்துவிட்டார்கள். 38,000 டாலர் பில் கையில் இருக்கிறது.
– வாசகி, சியாட்டில்

பதில்: உடனே கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும். சிகிச்சை தந்த டாக்டரிடமும் ஊர் டாக்டரிடமும், இது திடீரென வந்தது, இதற்கு முன் இந்த அறிகுறி இல்லை என்பது உண்மையானால், அப்படிக் கடிதம் வாங்கி இணைத்து அனுப்புங்கள்.

அதே நேரம் மருத்துவமனை பில்லிங் பிரிவுக்கு, கிளெய்ம் மேல்முறையீட்டில் இருக்கிறது, கணக்கை நிறுத்திவையுங்கள் என்று எழுதுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவிக் கொள்கை ஒன்று எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். அதன் விண்ணப்பத்தைக் கேளுங்கள். யாரெல்லாம் தகுதி என்பது ஒவ்வொரு மருத்துவமனையிலும் மாறும். நோயாளி மாமியார்தான், வருமானம் இல்லாதவர் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 'நான் பொறுப்பேற்கிறேன்' என்று உத்தரவாதம் கேட்கும் தாளில் நீங்கள் கையெழுத்திடும் முன் நிதானமாகப் படியுங்கள். உதவி கிடைக்காவிட்டாலும், காப்பீடு இல்லாதவருக்கான சுய கட்டண விலையும் வட்டியில்லாத தவணையும் பேசிப் பார்க்கக் கூடியவையே.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு எடுத்த பாலிசி முடியப் போகிறது. அம்மா இன்னும் இரண்டு மாதம் இருக்கப் போகிறார். இப்போது இன்னொரு நிறுவனத்தில் மலிவாகக் கிடைக்கிறது, மாற்றலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அம்மாவுக்கு இந்த ஐந்து மாதத்தில் ஏதாவது சிகிச்சை நடந்திருந்தால் மாற்ற வேண்டாம். புதிய பாலிசியில், இங்கே கண்டுபிடித்த நோயும் பழைய நோய் ஆகிவிடும். இருக்கும் பாலிசியை, முடியும் தேதிக்கு முன்பே புதுப்பித்தால் தொடர்ச்சி விடாது என்பது பல திட்டங்களின் விதி. ஒரு நாள் தவறினாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டிவரும். முதலிலேயே தங்கப்போகும் முழுக் காலத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது. சீக்கிரம் திரும்பினால், கிளெய்ம் எதுவும் இல்லாதபட்சத்தில், சிறு கட்டணம் கழித்து மீதி நாட்களுக்குப் பணம் திருப்பித் தருவார்கள். ஐ-94 தேதியையும் பாருங்கள், பாலிசியைப் புதுப்பிப்பதால் தங்கும் அனுமதி நீளாது.

கேள்வி: அப்பா கிரீன் கார்டில் வருகிறார். அவருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ்தானா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: இடைக்காலத்துக்கு மட்டும். வந்து 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தையில் முழு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதில் பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. இங்கே வேலை செய்த வரலாறு இல்லாதவர் மெடிகேரைப் பணம் கட்டி வாங்க 65 வயதும், தொடர்ந்து ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருப்பதும் வேண்டும்.

கேள்வி: நாங்கள் கனடாவில் இருக்கிறோம். சூப்பர் விசாவுக்கு எந்தக் காப்பீடு?
– வாசகர், பிராம்ப்டன்

பதில்: பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட காலம் தங்குவதற்கான இந்தக் கனடிய விசாவுக்கு எது வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. மருத்துவம், மருத்துவமனை அனுமதி, ஊர் திருப்பி அனுப்புதல் மூன்றும் அடங்க, குறைந்தது 1,00,000 கனடிய டாலர், குறைந்தது ஒரு வருடம். டிரிப் இன்சூரன்ஸைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும், பழைய நோய் எத்தனை நாள் நிலையாக இருந்தால் ஏற்பார்கள் என்பதையும் கட்டணம் செலுத்தும் முன் எழுத்தில் வாங்குங்கள்.